போதும் என்று சொல்லும்வரை

அடுகோடியின் அந்தச் சந்துக்குள் வேன் நுழையாது. ராம்கி மெயின் ரோட்டிலேயே ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டான். ஸ்வர்ணா மீட்டர் பையை மாட்டிக்கொண்டு, ஜெனரேட்டர் பெட்டியைக் கையில் எடுத்தாள். ஜெனரேட்டர் என்றால் கரண்ட் கொடுக்கும் இயந்திரம் இல்லை. டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி. கேபிளுக்குள் அளவு தெரிந்த ஒரு சிக்னலைச் செலுத்தும், அவ்வளவுதான்.

சந்தின் இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள். இரும்பைக் கடையும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. மழைக்கு முன்னான மதியம். மேகம் இறங்கி, வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பட்டறைகளைத் தாண்டிச் சந்து முடிகிற இடத்தில் அந்தக் கட்டடம் இருந்தது. கீழே ஒரே ஒரு ஷட்டர். மாடியில் ஆள் இல்லை.

ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத் தெருக்களுக்கெல்லாம் கேபிள் டிவி அங்கிருந்துதான் போனது. நடத்தியவர் இறந்த பிறகு, லைனை ஒரு இன்டர்நெட் கம்பெனி வாங்கியிருந்தது. கம்பங்களில் தொங்கும் பழைய கேபிளில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கணவனும் மனைவியுமாக இவர்கள் இருவர்.

வேலை எளிமையானது. ஒருவர் கண்ட்ரோல் ரூமுக்குள் உட்கார்ந்து சிக்னலைப் போடுவார். இன்னொருவர் கம்பம் கம்பமாக ஏறி, ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலும் அந்தச் சிக்னல் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளப்பார். எங்கே குறைகிறதோ அதற்கு முன்னால் கோளாறு. இதில் மீறக்கூடாத ஒரு முறை உண்டு. வெளியே இருப்பவர் 'போதும்' என்று சொல்லும்வரை உள்ளே இருப்பவர் சிக்னலைத் தொடக்கூடாது. தொட்டால் வெளியே எடுத்த அளவெல்லாம் பொய்யாகிவிடும்.

சேர்ந்து வேலை செய்த இந்த எட்டு வருடத்தில் ராம்கி அந்த வார்த்தையைச் சொல்லி ஸ்வர்ணா கேட்டது மிகக் குறைவு. வேலை முடிந்ததும் அவன் பாட்டுக்கு நடந்து வருவான், வழியில் டீ குடிப்பான், தெரிந்தவர்களோடு பேசுவான். அவள் உள்ளே சிக்னலைப் போட்டபடி உட்கார்ந்திருப்பாள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. மறந்துவிடுவான்.

ஷட்டருக்கு முன்னால் கிளாரன்ஸ் சாவியோடு நின்றிருந்தார். இறந்துபோன கேபிள்காரரின் தம்பி. நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை.

"சொல்ப லேட் ஆயிடுச்சு சார். பூட்டு துரு புடிச்சிருந்துச்சு, எண்ணெய் விட்டேன்" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

ஷட்டர் முனகிக்கொண்டு பாதி ஏறி நின்றது. கிளாரன்ஸ் ஒரு மர ஸ்டூலை அடியில் முட்டுக் கொடுத்தார்.

"ஸ்பிரிங் போயிடுச்சு. இதுக்கு மேல ஏறாது. குனிஞ்சு போங்க மேடம்."

"நீங்க வரலையா?" என்றாள் ஸ்வர்ணா.

"எனக்குத் தூசி ஆகாது."

"தூசியா, வேற ஏதாவதா?" என்று ராம்கி சிரித்தான். "பேய் கீய் இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். கம்பெனிகிட்ட ரேட் ஏத்திக் கேக்கறேன்."

கிளாரன்ஸ் சிரிக்கவில்லை. "பேயெல்லாம் இல்ல சார். நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

உள்ளே நீளமான, குறுகலான அறை. ஜன்னல் கிடையாது. வெளியிலிருந்து வேறு அலைகள் நுழைந்து சிக்னலைக் கெடுக்கக்கூடாது என்று சுவர் முழுக்கத் தகரம் அடித்திருந்தார்கள். டியூப் லைட் உடனே எரிந்தது. ஒரு மேசை, அதன்மேல் தூசி படிந்த பெட்டிகள். அறையின் கடைசியில் ஆளுயர ரேக் ஒன்று சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நின்றது. பேட்டரி ஆசிட் வாடை. அதற்கு அடியில், மூடிவைத்த அறைக்குப் பொருந்தாத இன்னொரு வாடை. நீலகிரித் தைலம். யாரோ சற்று முன்னால்தான் நெஞ்சில் தேய்த்துக்கொண்டது போல.

"நீ உள்ள உட்காரும்மா. வெளில ஒரே புழுதி" என்றான் ராம்கி.

அக்கறையான குரல்தான். அந்தக் குரலை மறுத்துப் பேச அவளுக்கு ஒருபோதும் காரணம் கிடைத்ததில்லை. வெயிலாக இருந்தால் வெயில், மழையாக இருந்தால் மழை, இன்று புழுதி. அவளும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள்தான். கல்யாணத்துக்கு முன் அவளுக்கென்று ஒரு வேலையும் இருந்தது. இவன் தொழில் தொடங்கியபோது கொஞ்ச நாளைக்கு உதவலாம் என்று வந்தாள். கொஞ்ச நாள் எப்போது முடிந்தது என்று அவளுக்கு நினைவில்லை. அவன் அடித்ததில்லை, திட்டியதில்லை. யாரிடமாவது போய்ச் சொல்வதென்றால் என்ன சொல்வது? என்னை உள்ளே உட்காரச் சொல்கிறார் என்றா?

முந்தின நாள் நகரத்தின் மறுகோடியிலிருக்கும் பீன்யாவிலிருந்து அழைப்பு வந்தது. கருவிகளைச் சோதிக்கும் ஒரு லேப். அம்ருதா என்ற பெண் பேசினாள். "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. ஆனா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நேர்ல வந்து ஜாயின் பண்ணிடணும். இல்லேன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவோம்." விண்ணப்பித்தது ராம்கிக்குத் தெரியாது. இன்டர்வியூவுக்குப் போனதும் தெரியாது. இன்று சாப்பிடும்போது சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து லால்பாக், அங்கிருந்து மெட்ரோ. காலையிலிருந்து இதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுவரிலிருந்து வந்த கேபிளில் ஜெனரேட்டரை இணைத்தாள். பக்கத்தில் தன் மீட்டரையும் சொருகினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு எழுந்து நின்றது. மீட்டரின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து 'ஊ' என்று ஏறாமல் இறங்காமல் ஒரே சுரத்தில் சத்தம். ராம்கி ஏணியோடு போய்விட்டான்.

தகர அறைக்குள் போனில் டவர் வரவில்லை. ஷட்டருக்கு அடியில், ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தால் மட்டும் ஒரு கோடு வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் ராம்கி கூப்பிட்டான்.

"மொதப் பொட்டி சூப்பர். ஆட்டமே இல்ல. ஏய், டீக்கடைல ஒரு கதை சொன்னாங்க, கேளு. நீ உட்காந்திருக்கிற எடத்துல கிளாரன்ஸோட அண்ணி உட்காந்திருப்பாங்களாம். மௌரீன்னு பேரு. புருஷன் கம்பத்துல ஏறுவாராம், இவங்க உள்ள சிக்னல் போடுவாங்களாம். நம்மள மாதிரியே."

"ம்."

"பொருளெல்லாம் திருடு போகும்னு அவர் வெளில ஷட்டரைப் பூட்டிட்டுத்தான் போவாராம். ஒரு நாள் மழைல அவருக்கு ஷாக் அடிச்சிடுச்சு. மேலேர்ந்து விழுந்து, நினைவே இல்லாம ஆஸ்பத்திரில. எல்லாரும் அங்க ஓடிட்டாங்க. அந்தம்மா உள்ளயே."

ஸ்வர்ணா ஷட்டரின் அடிப் பலகையைப் பார்த்தாள். "யாருக்குமே ஞாபகம் வரலையா?"

"கேஜிஎஃப்ல அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு நெனச்சாங்களாம். போன் போட்டா போகலை. அதுவும் இல்லாம டிவி எல்லா வீட்லயும் நல்லா வந்துட்டு இருந்துச்சாம். ஒரு கம்ப்ளைன்ட் இல்ல. கம்ப்ளைன்ட் இல்லாம எவன் கண்ட்ரோல் ரூம் பக்கம் போவான் சொல்லு. அவருக்கு நினைவு வந்ததும் மொதல்ல சொன்னதே, 'மௌரீன்கிட்ட போதும்னு சொல்லிடுங்க'ன்னுதானாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அந்தம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சு எளைப்பு." அவன் குரல் கொஞ்சம் இறங்கி, மறுபடி வழக்கமான இடத்துக்கு வந்தது. "பயந்துட்டியா?"

"ராம்கி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிடும்போது சொல்லு. அடுத்த பொட்டிக்குப் போறேன். சிக்னலைத் தொட்டுடாதே."

வைத்துவிட்டான்.

மீட்டரைப் பார்க்க அவள் எழுந்து மேசைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துச் சந்தில் ஒரு லோடு லாரி பின்பக்கமாக வந்தது. தரை அதிர்ந்தது. ஸ்டூல் ஒரு பக்கம் சரிவதைத் திரும்பிப் பார்த்தாள். ஓடுவதற்குள் ஷட்டர் முழு எடையோடு இறங்கிவிட்டது. ஸ்டூலின் கால் முறிந்து உள்ளே தெறித்தது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. குனிந்து இரண்டு கையாலும் தூக்கினாள். அசையவில்லை. அடிப் பலகை வளைந்து தண்டவாளத்தில் சிக்கியிருந்தது. தட்டினாள், கத்தினாள். லேத் சத்தம் அதற்கு மேல் கேட்டது. போனை ஷட்டரின் இடுக்கில் வைத்துப் பார்த்தாள். டவர் இல்லை.

சரி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயப்பட ஒன்றுமில்லை. ராம்கியைக் கூப்பிடச் சுலபமான வழி கையிலேயே இருக்கிறது. சிக்னலை நிறுத்தினால் போதும். அங்கே மீட்டர் செத்துப்போகும். கோபத்தோடு ஓடி வருவான்.

ஜெனரேட்டரின் சுவிட்சை அணைத்தாள். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

மீட்டரில் பச்சைக் கோடு அப்படியே நின்றது.

அவள் சுவிட்சைப் போட்டு மறுபடி அணைத்தாள். பிறகு கனெக்டரைத் திருகிக் கழற்றினாள். கேபிளின் முனையை ஜெனரேட்டரிலிருந்து உருவி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பெட்டி செத்த பெட்டி. கேபிள் வெறும் கேபிள்.

'ஊ' என்ற சத்தம் தொடர்ந்தது. அதே அளவு. ஒரு புள்ளி கூடவில்லை, ஒரு புள்ளி குறையவில்லை.

ராம்கி இப்போது கம்பத்தின்மேல் இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பான். ஆட்டமே இல்லை என்று திருப்தியாக அடுத்த பெட்டிக்குப் போவான். இங்கே அவள் இல்லாமல் போனாலும் அங்கே தெரியாது. இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்ததா என்ற கேள்வி கூடவே வந்தது. அந்த நேரத்தில் அது தேவையில்லாத கேள்வி. ஆனாலும் வந்தது.

காரணம் இருக்கத்தான் வேண்டும். இந்த லைனில் வேறு எங்கிருந்தோ சிக்னல் நுழைகிறது. அவள் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மேசைக்குப் பின்னால், லைனை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர். அதிலிருந்து ஒரு கேபிள் வெளியே போனது. இன்னொரு பழைய கறுப்புக் கேபிள் தரையோடு ஓடி ரேக்கின் பின்னால் மறைந்தது.

ரேக்குக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. டியூப் லைட் வெளிச்சம் அங்கே பாதிதான் எட்டியது. நீலகிரித் தைல வாடை அங்கிருந்துதான் வந்தது. சுவரைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதன்மேல் ஒரு பஞ்சுத் திண்டு. அறை முழுக்கத் தூசி. திண்டில் மட்டும் தூசி இல்லை.

கறுப்புக் கேபிள் நாற்காலியின் கைப்பிடிமேல் ஏறி, அங்கே முடிந்தது. எதிலும் இணைக்கப்படவில்லை. யாரோ வெட்டிய முனை. நடுவில் இருக்கும் செம்புக் கம்பி, நேற்றுத் தேய்த்தது போல மினுங்கியது.

மீட்டரைக் கொண்டுவந்து அந்த முனையைச் சொருகினாள். பச்சைக் கோடு திரையின் உச்சி வரை எழுந்தது. ஸ்பீக்கரில் சத்தம் காதை அறைந்தது.

அவள் ஒலியைக் குறைத்துவிட்டு மீட்டரைக் காதருகே வைத்தாள். ஏன் வைத்தாள் என்று பிற்பாடு யோசித்தபோது அவளுக்கே விளங்கவில்லை. பழக்கம்தான். கோளாறு இருக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்பது.

'ஊஊஊஊ.'

ஒரே சுரம். கருவி போடுகிற சுரம். அதில் கரகரப்பு இல்லை, நடுக்கம் இல்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சுரம் கொஞ்சம் தேய்ந்தது போலத் தோன்றியது. அப்புறம் நின்றது.

ஒரு கணம்.

அது மூச்சு வாங்கியது.

அடைத்த நெஞ்சில் காற்று சீறிக்கொண்டு நுழையும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு மறுபடி, அதே இடத்திலிருந்து, 'ஊஊஊஊ.'

ஸ்வர்ணாவின் முதுகு தகரச் சுவரில் மோதியது. தகரம் ஐஸ் போலிருந்தது. ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. ஓடுவதற்கு ஷட்டர் வரைதான் இடம். மீட்டரைக் கீழே போடவும் அவளால் முடியவில்லை. போட்டால் அந்தச் சத்தம் எங்கே போகும் என்று தெரியாமல் போய்விடும்.

சுரம் மறுபடி நின்றது. இந்த முறை மூச்சுக்குப் பதில் குரல் வந்தது. மெல்லிய, களைத்த குரல்.

"எடுத்துடலாமா?"

அவள் விரல் தானாக ஒலியை இன்னும் குறைத்தது.

"அவர் சொல்லிட்டாரா?"

நாற்காலியின் திண்டு அவள் கண்ணெதிரில் இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

"ரொம்ப நேரமா உட்காந்திருக்கேன். யாராவது லைன்ல இருக்கீங்களா?"

அதட்டலோ அழுகையோ இல்லை. கேட்டுப் பழகிய, பதில் வராமல் பழகிய குரல். ஸ்வர்ணாவுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். போன் எடுக்காத ராம்கிக்கு எத்தனை மதியங்களில் அவளே அப்படிக் கேட்டிருக்கிறாள். பயத்துக்கு நடுவில் அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கத்துக்கு அடியில் ஒரு கணக்கும் இருந்தது. இந்தச் சத்தம் நின்றால் கம்பத்தில் கோடு விழும். கோடு விழுந்தால் ராம்கி வருவான். வந்தால் பீன்யாவுக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.

அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. வெளியே, கம்பத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியது அது. உள்ளே இருப்பவர் சொன்னால் பொய். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பொய் கிடையாது.

"சொல்லிட்டார்" என்றாள் ஸ்வர்ணா. "போதும்னு சொல்லிட்டார். எடுத்துடுங்க."

"நிஜமாவா?"

"நிஜமா."

பச்சைக் கோடு சரிந்து தரையைத் தொட்டது. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. லேத் சத்தம்கூட எங்கோ போய்விட்டது.

பிளாஸ்டிக் நாற்காலி கிரீச்சிட்டது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்த ஒருவர், கைப்பிடியை அழுத்தி எழுந்திருக்கும் சத்தம். அமுங்கிய திண்டு மெதுவாக உப்பியது.

இப்போது குரல் மீட்டரிலிருந்து வரவில்லை. காதுக்குப் பக்கத்திலிருந்து, தைல வாடையோடு வந்தது.

"அப்போ நீங்க உட்காருங்க."

ஈரமான மூச்சு அவள் கன்னத்தைத் தாண்டிப் போனது. சுவரில் அடித்த தகரங்கள் ஒவ்வொன்றாக 'டப்', 'டப்' என்று அமுங்கி எழுந்தன. யாரோ கையை ஊன்றி, இருட்டில் வழி தேடிக்கொண்டு ஷட்டரை நோக்கி நடப்பது போல. கடைசித் தகரம். பிறகு ஷட்டரின் அடியில் ஒரு கோடு வெளிச்சம். கோடு அகன்றது. ஒரு ஆள் குனிந்து வெளியேறும் உயரத்துக்கு ஷட்டர் எழுந்து நின்றது.

ஸ்வர்ணா அதைப் பார்த்தாள். ஓட நினைத்தாள். யாரோ பிடித்து வைத்தது போலக் கால்கள் நாற்காலிப் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

ஷட்டர் ஓசையில்லாமல் இறங்கியது.

அவள் எவ்வளவு நேரம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள் என்று தெரியாது. உட்காரவில்லை. அதில் மட்டும் உறுதியாக இருந்தாள். ரேக்கைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெளிவாகத் தெரியாவிட்டாலும், நாற்காலி அவளுக்காகத் திரும்பி நிற்கிறது என்று தெரிந்தது. சற்று முன்பு அது சுவரைப் பார்த்துத்தான் இருந்தது.

ஷட்டர் தடதடவென்று மேலே போனது.

"ஏன் சிக்னலை எடுத்தே?" ராம்கி குனிந்து உள்ளே பார்த்தான். முகம் வியர்த்திருந்தது. "நாலாவது பொட்டில பாதி அளந்துட்டு இருக்கேன், திடீர்னு ஒண்ணுமே இல்ல. நான் போதும்னு சொல்லவே இல்லையே."

அவள் அவனை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சாம்பல் நிற வெளிச்சமும் டீசல் புகையும் லேத் சத்தமும் ஒரே நேரத்தில் அவள்மேல் விழுந்தன.

"ஷட்டர் விழுந்துடுச்சு. உள்ள மாட்டிக்கிட்டேன்."

"விழலையே. சும்மா இறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு, ஒரு கையில தூக்கினேன்." அவன் முறிந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். "நீ இங்கயா இருந்தே? சந்து முனைல ஆட்டோ ஏறினது நீன்னு நெனச்சேன். கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கலை. இதே சுடிதார் மாதிரி இருந்துச்சு. போன் போட்டாலும் போகலை, திரும்பி வருவேன்னு ரெண்டு மணி நேரம் டீக்கடைலயே உட்காந்துட்டேன்."

ஸ்வர்ணா சந்து முனையைப் பார்த்தாள். அதை யோசிக்க ஆரம்பித்தால் வாய் அடைத்துக்கொள்ளும். அதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"எனக்கு பீன்யால வேலை கிடைச்சிருக்கு ராம்கி. இன்னிக்குச் சேரணும். இப்பவே போறேன்."

அவன் முகத்தில் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"இன்னிக்கு சொல்ல வந்தேன். சாப்பிடும்போது சொல்லுன்னே."

"சரி, வீட்டுக்குப் போய்ப் பேசலாம். இன்னும் நாலு பொட்டிதான் பாக்கி. அதுவரைக்கும் உள்ள உட்காரு. ஷட்டரை நானே பெரிய கல்லா பார்த்து முட்டுக் கொடுக்கறேன்."

"நான் உள்ள போக மாட்டேன்."

அவள் நடந்தாள். அவன் ஏணியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தான். மெயின் ரோட்டை எட்டியதும் போனில் டவர் முழுதாக வந்தது. டயர் கடை வாசலில் நின்று அம்ருதாவின் எண்ணை அழுத்தினாள். ஆட்டோக்கள் காலியாகவே போய்க்கொண்டிருந்தன. ஒன்றைக் கையால் நிறுத்திக்கொண்டே பேசினாள்.

"மேடம், நான் ஸ்வர்ணா. அடுகோடிலேர்ந்து கிளம்பறேன். எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"எந்த ஸ்வர்ணா?"

"நேத்து நீங்கதானே கூப்பிட்டீங்க. இன்னிக்கு ஜாயின் பண்ணணும்னு."

"அவங்க வந்துட்டாங்களே." அம்ருதாவின் குரலில் சந்தேகம். "கையெழுத்துப் போட்டாச்சு. லேப்ல உட்காந்திருக்காங்க. நானேதான் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சேன். நீங்க யாரு?"

"நான்தான் ஸ்வர்ணா."

"மேடம், இன்டர்வியூ எடுத்தது நான். எனக்கு முகம் தெரியாதா?"

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ராம்கி பக்கத்தில் வந்து நின்று, என்ன என்று கண்ணால் கேட்டான்.

"அவங்ககிட்ட கொஞ்சம் போனைக் குடுங்க" என்றாள் ஸ்வர்ணா. அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "ஒரே ஒரு வார்த்தை பேசணும்."

"ஒந்து நிமிஷா."

காலடிச் சத்தம். ஒரு கதவு. அம்ருதா யாரிடமோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். போன் கை மாறியது.

முதலில் மூச்சு. அடைப்பில்லாத, ஆழமான மூச்சு.

"இங்க பெரிய ஜன்னல் இருக்கு" என்றது ஸ்வர்ணாவின் குரல்.

ராம்கி நெருங்கி வந்து போனில் காது வைத்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"யாரும்மா அது? உன் குரல் மாதிரியே இருக்கு."

ஆட்டோக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். மழை தூற ஆரம்பித்தது. அந்தப் பக்கத்தில் யாரும் போனை வைக்கவில்லை. தாழ்ப்பாள் ஒன்று நீங்கும் சத்தமும், ஜன்னல் கதவு ஒன்று மெல்லத் திறக்கும் சத்தமும் கேட்டன.

அப்புறம் காற்று.